மனமகிழ் மன்றத்துக் கரடி

உட்காருங்கள், உட்காருங்கள். கரடியை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். இல்லையில்லை, என் பிள்ளைக்கு வாங்கியது இல்லை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, கரடி வைத்து விளையாடுகிற வயதைத் தாண்டிவிட்டாள். மேலே கேரியரில் இரண்டு மூட்டை இருக்கிறது பாருங்கள், அதிலும் இதே ரகம்தான். முயல், யானை, மஞ்சள் வாத்து. இவன் ஒருத்தன்தான் மூட்டைக்குள் அடங்கமாட்டேன் என்றுவிட்டான். கண்டக்டரிடம், "கரடிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்டேன். "அது உங்களைவிட அமைதியா வருதுங்க, அதுக்கு வேண்டாம்" என்கிறான். ஒரு மாதத்துக்கு முன்னால் இதே கண்டக்டர், "வாங்க கவுன்சிலர்" என்று முன்சீட்டைத் துண்டால் தட்டிக் கொடுத்தவன்.

இந்தக் கரடியால்தான் எனக்குப் பதவி போனது. சிரிக்காதீர்கள். கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது, முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

நீங்கள் ஓடைக்காட்டுப்புதூரில்தானே ஏறினீர்கள்? புதிதாகக் குடி வந்திருக்கிறீர்களா? எந்த வீதி? தண்ணித்தொட்டி வீதியா! அடடே, அது ஒன்பதாவது வார்டு. என் வார்டு. நாச்சிமுத்து என்று கேட்டுப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

போன தேர்தலில் அந்த வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். இருபது வருஷமாக அந்தச் சீட்டை மனதில் வைத்துக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறி, எழவு வீட்டில் பந்தல் போட்டு, யார் யாருக்கோ ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தவன் நான். கடைசியில் பார்த்தால் பெண்களுக்கு. சரி, பெண்தானே வேண்டும், வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று வசந்தாமணியை நிறுத்தினேன். போஸ்டரில் அவள் படம் தபால் தலை அளவு, என் படம் தாம்பாள அளவு. நூற்றுப் பதினேழு ஓட்டில் ஜெயித்தேன்.

வசந்தாமணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாயில்லாத ஜீவன். கோபி காலேஜில் பி.காம். முடித்தவள்தான், ஆனால் படித்து என்ன பிரயோசனம், நாலு பேரைப் பார்த்தால் முந்தானையைத் திருக ஆரம்பித்துவிடுவாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் அதிகம் பேசிய வார்த்தை "சரிங்க." அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. ஊரில் வேறு யாரையும் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு குடும்பம் கிடையாது.

கூட்டம் மாதம் ஒரு தடவை. உள்ளே பதினைந்து உறுப்பினர்கள், அதில் எட்டுப் பேர் பெண்கள். எட்டுப் பேரின் வீட்டுக்காரர்களும் வெளியே சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், ஜன்னலுக்கு நேராக. நிஜமான கூட்டம் அந்தப் பெஞ்சில்தான் நடக்கும். "என்ன கவுன்சிலர்?" "சொல்லுங்க கவுன்சிலர்" என்றுதான் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். வருகைப் பதிவேடு முதலில் பெஞ்சுக்குத்தான் வரும், பியூனே கொண்டுவருவான். வீட்டம்மா பேருக்கு நேராக நாங்கள் கையெழுத்துப் போட்டதும் உள்ளே போகும். உள்ளே தலைவர் தீர்மானங்களை வாசிப்பார். வாசிப்பார் என்றால், ரயில் தாமதமாக வரும் என்று மைக்கில் சொல்வார்களே, அந்த மாதிரி. அதை யாரும் காதில் வாங்குவதில்லை. வாசித்து முடித்தால் எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள். ஏகமனதாக நிறைவேறியது. அப்புறம் வடை வரும். எங்கள் பேரூராட்சி ஆரம்பித்த நாளிலிருந்து எந்தத் தீர்மானமும் வடை ஆறும்வரை காத்திருந்ததில்லை.

எழுத்து வேலை எப்படி என்றால், நான் சொல்லச் சொல்ல வசந்தாமணி எழுதுவாள். அச்சுக் கோத்த மாதிரி எழுதுவாள். நான் எழுதினால் எனக்கே புரியாது. எழுதி முடித்ததும் கீழே "வசந்தாமணி" என்று நான் கையெழுத்துப் போடுவேன். ஏன் முறைக்கிறீர்கள்? பதவியேற்ற அன்றைக்கு ரிஜிஸ்டர் முன்னால் வந்ததும் அவளுக்குக் கை நடுங்கியது. கூட்டம் பார்க்கிறதே என்று நான் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டேன். ஆபீஸில் பதிந்தது அந்தக் கையெழுத்து. அப்புறம் எல்லாவற்றிலும் அதே கையெழுத்து வரவேண்டாமா? சட்டத்துக்குப் பயந்துதான் நானே போட்டேன். முதல் எழுத்தில் ஒரு பெரிய சுழி, கடைசியில் அடியில் இரண்டு கோடு. பெண்பிள்ளை போட்டது என்று சொல்லவே முடியாது, அத்தனை கம்பீரம்.

இப்போது கிட்டுசாமிக்கு வருகிறேன். எனக்கு மச்சான் முறை. பவானி ரோட்டில் பச்சை கேட் போட்ட கட்டடம் பார்த்திருப்பீர்கள். கொங்குச்சோலை கலை இலக்கிய மனமகிழ் மன்றம். அது கிட்டுசாமியுடையது. கலைக்கு முன்கூடத்தில் ஒரு கேரம் போர்டு. இலக்கியத்துக்கு ஒரு தினசரி, முந்தாநாளையது. மனமகிழ்ச்சி பின்னால் இருக்கிறது, அதுதான் பார். "உறுப்பினர்கள் மட்டும்" என்று போர்டு இருக்கும், பயந்துவிடாதீர்கள். முதல் குவார்ட்டர் வாங்கும்போதே உறுப்பினர் அட்டையும் கொடுத்துவிடுவார்கள்.

அந்த முன்கூடத்தில் வைக்க கிட்டுசாமி ஐந்து மிஷின் பேசி வைத்தான். இரண்டு, திரையில் மீன் சுடுகிற மிஷின். மூன்று, பொம்மை பிடிக்கிற மிஷின். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை குவிந்து கிடக்கும், மேலே ஒரு இரும்புக் கை. டோக்கன் போட்டுக் குச்சியை ஆட்டினால் கை இறங்கும், பொம்மையைக் கவ்வும், தூக்கும், ஓட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் கை நழுவவிடும். எப்போதாவது ஒன்று விழும். அந்த எப்போதாவதுதான் தொழில். இரண்டு ரவுண்டு உள்ளே போன மனுஷனுக்கு அந்தக் கை தன் கை மாதிரியே தெரியும், விடவே மாட்டான்.

"மாப்ளே, கவுன்சில்ல ஒரு தீர்மானம் போட்டு லைசென்ஸ் வாங்கிக் குடுத்துட்டேன்னா, பொம்மை சப்ளை பூராவும் உனக்கு" என்றான்.

எனக்கு இதில் ஆசை என்று நினைக்காதீர்கள். சொந்த பந்தம் கேட்கும்போது எப்படி மறுப்பது?

ஆபீஸில் போய்ப் பார்த்தால் உரிமக் கட்டணப் பட்டியலில் இந்த மாதிரி மிஷினே இல்லை. மாவு மில் இருக்கிறது, சாயப்பட்டறை இருக்கிறது, பன்றிப் பண்ணை இருக்கிறது. மிஷின் இல்லை. கிட்டுசாமிக்கு முகம் தொங்கிப்போனது. நான்தான் கண்டுபிடித்தேன், கடைசிப் பக்கத்தில்: "குழந்தைகள் விளையாட்டுச் சாதனங்கள் (ராட்டினம், ஊஞ்சல் முதலியன)." "அந்த முதலியனவுக்குள்ள நுழைஞ்சிரலாம் மச்சான்" என்றேன். கிட்டுசாமி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "நீ மினிஸ்டர் ஆக வேண்டியவன் மாப்ளே!"

லைசென்ஸ் வரும் முன்பே ட்ரையல் என்று ஒரு பொம்மை மிஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். நானும் கோயமுத்தூர் போய் மொத்தக் கடையில் பொம்மை எடுத்தேன். எடுப்பாக இருக்கட்டும் என்று இந்தக் கரடியையும் எடுத்தேன். வீட்டில் பிரித்து வைத்தபோது வசந்தாமணி இதைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதை அந்தக் கை தூக்குமுங்களா?"

"தூக்காது. தூக்கறதுக்கா வெக்கறது? பார்த்து ஆசைப்படறதுக்கு வெக்கறது."

"சரிங்க."

பார்த்தீர்களா, தொழில் நுணுக்கத்தைக்கூட அவளுக்கு நான் மறைக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் கஸ்தூரி வந்தாள். தறி ஓட்டுகிற குருசாமி வீட்டுக்காரி, உங்கள் வீதிக்கு அடுத்த வீதி. நாலு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன், என்னிடம் அந்த மரியாதை எல்லாம் உண்டு. குழந்தை கையில் ஒரு முயல் பொம்மை, இத்தனூண்டு, சாவிக்கொத்தில் மாட்டுவது.

"இந்த வாரக் கூலி பூராவும் அந்தப் பொட்டிக்குள்ள போட்டுட்டு, புள்ளைக்கு இதைக் கொண்டாந்திருக்கறாருங்க. இன்னும் நாலு மிஷின் வருதுங்கறாங்க. கவுன்சிலர்கிட்டச் சொல்லலாம்னு வந்தனுங்க."

"நான் கவனிக்கறேன் அம்மிணி. இப்ப நடக்கறது வெறும் ட்ரையல். ட்ரையல்ல நல்லது கெட்டது இருக்கத்தான் செய்யும்" என்றேன்.

வசந்தாமணி டீ கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் குழந்தைக்குப் பக்கத்தில் குத்தவைத்து, "முயலுக்குப் பேரு வெச்சிருக்கியா கண்ணு?" என்று கேட்டாள்.

"கூலி" என்றது குழந்தை.

"கூலியா?"

"எங்கம்மா இதைக் கூலி, கூலின்னுதான் சொல்லுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். குழந்தைகள் பேச்சே தனி இல்லையா? கஸ்தூரி சிரிக்கவில்லை. வசந்தாமணியும் சிரிக்கவில்லை, அவளுக்கு நகைச்சுவை கொஞ்சம் கம்மி. கஸ்தூரி போன பிறகு, "கவுன்சிலர்கிட்டச் சொல்லலாம்னு வந்தாங்களாம்" என்றாள். "ஆமா, சொல்லிட்டாங்களே" என்றேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் தீர்மானத்தை எழுத உட்கார்ந்தோம். மன்றம் நம் வார்டு, அதனால் நம் உறுப்பினர்தான் முன்மொழிய வேண்டும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். பாதியில் பேனாவை நிறுத்தினாள்.

"குழந்தைகள் விளையாட்டுச் சாதனம்னே போடலாமுங்களா? அந்த மன்றத்துக்குக் குழந்தைங்க வருமுங்களா?"

"அது சட்டத்துக்கு எழுதறது வசந்தா. அதுக்கெல்லாம் அர்த்தம் பார்க்கக் கூடாது."

"புஸ்தகத்துல, சாதனம் யாருக்கோ அவங்களுக்குத்தான் அனுமதின்னு போட்டிருக்குதுங்க."

எந்தப் புஸ்தகம் தெரியுமா? உறுப்பினர்களுக்கு ஈரோட்டில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். அவளுக்கு எதற்கு அலைச்சல் என்று நான் போனேன். ஏ.சி. ஹால், நல்ல தூக்கம். ஒரு பையும் ஒரு கையேடும் கொடுத்தார்கள். பையை நான் வைத்துக்கொண்டேன். கையேடு சமையலறை அலமாரியில் கிடந்தது. அதைப் போய் இவள் குக்கர் விசில் எண்ணுகிற நேரத்தில் படித்திருக்கிறாள் பாருங்கள்! வேறு படிக்க வீட்டில் ஒன்றும் இல்லை, அது என் தப்புதான். ஒரு வாரப் பத்திரிகை வாங்கிப் போட்டிருந்தால் என் பதவி தப்பியிருக்கும்.

"புஸ்தகம் கெடக்கட்டும், நீ நான் சொன்னதைச் சுத்தமா எழுதி வை. காலையில நான் முகூர்த்தத்துக்குக் கெளம்பணும்" என்றேன்.

"சரிங்க."

மறுநாள் அவினாசியில் ஒரு கல்யாணம். வண்டியைக் கிளப்பிவிட்டேன். அவள் ஓடிவந்து காகிதத்தைக் கொடுத்தாள். வழக்கமாக ஒரு பக்கம் இருக்கும், அன்றைக்கு இரண்டு பக்கம். பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, இரண்டு பக்கத்திலும் சுழி போட்டுக் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டேன். படித்தேனா என்கிறீர்களா? முத்து முத்தாக எழுதியிருந்தாள். அழகாக இருக்கிறதே, அதை எதற்குப் படிக்க வேண்டும்?

கூட்டத்தில் பதினேழாவது தீர்மானம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தலைவர் ரயில் அறிவிப்பு மாதிரி வாசித்தார், கொஞ்சம் நீளமாக இருந்ததால் நடுவில் தண்ணீர் குடித்தார். வடைத் தட்டு வாசலுக்கு வந்துவிட்டது. எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ஏகமனதாக! பெஞ்சில் ஏழு பேரும் எனக்குக் கை கொடுத்தார்கள். கிட்டுசாமி மறுநாளே மன்றத்து கேட்டில் பேனர் கட்டினான். "நன்றி! நன்றி! ஒன்பதாவது வார்டின் ஓயாத சூரியன் நாச்சிமுத்து அவர்களுக்கு." மிச்ச நாலு மிஷினும் வந்து இறங்கியது. திங்கட்கிழமை மத்தியானம் திறப்பு. தலைவரே வந்து முதல் டோக்கனைப் போட்டார். நான் பொம்மை போடுவதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை விட்டு, கரடியை நடுவில் ராஜா மாதிரி உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் மனமகிழ்ச்சி களை கட்டியிருந்தது.

மணி சரியாக நாலு. கேட்டில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. எங்கள் பேரூராட்சிச் செயல் அலுவலர் மரிய புஷ்பம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, வயது முப்பதுகூட இருக்காது. கையில் தீர்மான நகல்.

"தீர்மானம் எண் பதினேழு, நிபந்தனைகள்" என்று ஆரம்பித்தார்.

"நிபந்தனையா?" என்றான் கிட்டுசாமி என்னைப் பார்த்து.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து எனக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமானதாக இருந்தது. சாதனங்கள் குழந்தைகளுக்கானவை என்பதால் பெரியவர்கள் இயக்கக் கூடாதாம். பள்ளி வேலை நாட்களில் நாலிலிருந்து ஆறு மணி வரை பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை இலவசமாக விட வேண்டுமாம். அந்த நேரத்தில் வளாகத்துக்குள் எங்கும் மது இருக்கக் கூடாதாம். பொம்மைகள் இரும்புக் கை தூக்கக்கூடிய எடையில் இருக்க வேண்டுமாம். சாதனங்களை அகற்ற வேண்டுமானால் மன்றத்தின் அனுமதி, அதாவது கவுன்சிலின் அனுமதி, வேண்டுமாம்.

"மேடம், இது யாரோ மாத்தி எழுதியிருக்காங்க" என்றான் கிட்டுசாமி.

"ஏகமனதா நிறைவேத்தியிருக்காங்க. தலைவர் கையெழுத்து இருக்கு. தலைவர் உள்ளேதான் இருக்காரா?"

உள்ளேதான் இருந்தார். கையில் கிளாஸோடு எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைங்க வந்துட்டு இருக்காங்க. அஞ்சு நிமிஷம் தர்றேன், உள்ளே இருக்கறதையெல்லாம் ஒதுக்கிடுங்க" என்றார் அந்த அம்மா.

அஞ்சு நிமிஷம் எங்கே? பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு முப்பது உருப்படி, சீருடையோடு, இரண்டு இரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு. முன்னால் யார் நடந்து வந்தது தெரியுமா? வசந்தாமணி. முந்தானையைத் திருகிக்கொண்டுதான் வந்தாள், அதை நான் பொய் சொல்லமாட்டேன்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது! மன்றத்துக்கு வாசல் ஒன்றுதான். அதில் பிள்ளைகள். பின்பக்கம் ஆறடிச் சுவர். கலை இலக்கிய உறுப்பினர்கள் அத்தனை பேரும் சுவரில் ஏறினார்கள். வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மிளகாய் மண்டிக்காரர் சுவருக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு இறங்கவும் பயம், திரும்பவும் பயம். அவர் பேத்தி கீழே நின்று, "தாத்தா, உனக்கு அங்க என்ன பொம்மை மாட்டியிருக்குது?" என்று கேட்கிறது. தலைவருக்கு உடம்பு கனம், சுவரே ஏறவில்லை. கிளாஸை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வாண்டு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "இவரு ஜூஸ் ஒளிச்சு வெச்சிருக்காரு டீச்சர்!" என்று கத்தியது. டீச்சர் என்றது வசந்தாமணியை.

குருசாமியும் அன்றைக்கு அங்கேதான் இருந்தான், கஸ்தூரி வீட்டுக்காரன். அவனும் ஓடப் பார்த்தான். நாலு வயது மகள், எவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததோ, ஓடிப்போய் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. "அப்பா, அந்தக் கரடி" என்று கையை நீட்டியது. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான், தரையில். அவன் அப்படி உட்கார்ந்ததை நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. ஞாபகம் வந்தது, சொன்னேன்.

என் சங்கதிக்கு வாருங்கள். நான் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறேன். இடுப்பு மாட்டிக்கொண்டது. வெளியே ஒரு முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. யார் என்று பார்த்தால் என் மகள்.

"அப்பா, நீங்க இங்கதான் வேலை பார்க்கறீங்களா?"

நான் கரடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"கவுன்சிலர்னு சொன்னீங்க?" என்றாள். பிள்ளைகள் முன்னால். முப்பது பிள்ளைகள் முன்னால்.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும்போதே போய்விட்டேன். "மேடம், அந்தத் தீர்மானம் நான் சொன்ன... அதாவது எங்க வீட்ல சொன்ன மாதிரி இல்லைங்க" என்றேன்.

அந்த அம்மா ஃபைலைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "இது உங்க மனைவி கையெழுத்துதானே சார்?"

சுழி. இரண்டு கோடு. நான் என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். இல்லை என்றால், "அப்போ யார் போட்டது?" என்பார். ஆமாம் என்றால் தீர்மானம் செல்லும்.

"ஆமாங்க" என்றேன்.

"ரெண்டு பக்கத்துலயும் போட்டிருக்காங்க. படிச்சுப் பார்த்துத்தான் போட்டிருப்பாங்க, இல்லையா?"

"ஆமாங்க."

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். "யாரைக் கேட்டு அந்த ரெண்டாவது பக்கத்தை எழுதின?"

"நீங்க சொன்னதைப் பூராவும் முதல் பக்கத்துல எழுதிட்டனுங்க. அதுக்கு மேல கொஞ்சம் சேர்த்தேன். உங்ககிட்டக் குடுத்தனே, நீங்க கையெழுத்துப் போட்டீங்களே" என்றாள். "படிச்சுட்டுத்தான் போட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. நான் படிப்பேன் என்று நம்பியிருக்கிறாள், பாவம். வெள்ளந்தி. அன்றைக்கே அந்தக் கையேட்டை எடுத்து ஒளித்து வைக்கலாம் என்று அலமாரியைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் இன்னும் மூன்று கையேடு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் மனமகிழ் மன்றத்தில் பிள்ளைகள்தான் மனம் மகிழ்ந்தார்கள். தினமும் நாலு மணிக்கு வசந்தாமணி வந்து உறுப்பினர் என்ற முறையில் பார்வையிடுவாள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பாள், எத்தனை தடவை பிடித்தால் எத்தனை விழுகிறது என்று குறித்துக்கொள்வாள். கிட்டுசாமி மிஷின் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கையை இறுக்கி வைத்தான், அப்படியும் இந்தக் கரடியை யாராலும் தூக்க முடியவில்லை. ஆறு மணிக்கு மேல் பார் திறந்தாலும் ஒருத்தனும் வரவில்லை. வந்தால் வீட்டில் பிள்ளை கேட்கிறதாம், "இன்னிக்கு நீங்க சுவர் ஏறுனீங்களா?" என்று. முந்தாநாள் தினசரிகூடப் படிக்க ஆளில்லாமல் இலக்கியமும் படுத்துவிட்டது.

கடைசியில் கிட்டுசாமியே மனு எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மிஷின்களை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டி. நான் வாசலில் எழுந்து, "குடு மச்சான், பார்த்துக்கறேன்" என்று கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போனான். என்னைத் தாண்டிப் போய், சமையலறைப் பக்கம் பார்த்து, "கவுன்சிலர் இருக்காங்களா?" என்று கேட்டான். என் மச்சான்! ஓயாத சூரியன் என்று பேனர் கட்டியவன்!

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மனுவை நின்றபடியே முழுக்கப் படித்தாள். "அடுத்த கூட்டத்துல வெக்கலாமுங்கண்ணா" என்றாள்.

அந்தக் கூட்டம் போன வாரம் நடந்தது. பெஞ்சுக்குப் பதிவேடு வரவில்லை. பியூன் எங்களைப் பார்க்காதவன் மாதிரி நேராக உள்ளே கொண்டுபோனான். முன்மொழிகிறவர் கூட்டத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று மரிய புஷ்பம் சொல்லிவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசந்தாமணி எழுந்தாள். பேனாவை எடுத்தாள். கை நடுங்கியது, அதை நான் பார்த்தேன். நடுங்கிக்கொண்டே போட்டாள். சுழி இல்லை, கோடு இல்லை. சின்னதாக, பேர் மட்டும்.

மரிய புஷ்பம் பழைய காகிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். போலிக் கையெழுத்துக்கு எத்தனை வருஷம் என்று பெஞ்சில் பக்கத்திலிருந்தவன் என் காதில் சொல்கிறான்.

"இது வேற மாதிரி இருக்கே மேடம்?" என்று வசந்தாமணியிடம் கேட்டார்.

வசந்தாமணியும் ஜன்னலைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. வடைத் தட்டு வந்து வாசலில் நின்றதே, அது ஞாபகம் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

"அது பழசுங்க. இனிமேல் இதுதானுங்க" என்றாள்.

தலைவர் மேசையைத் தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். என் கையெழுத்து ஏகமனதாகப் போய்ச் சேர்ந்தது. மிஷினை எடுக்க ஆட்சேபணை இல்லை, பொம்மைகளைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம். இதோ, மொத்தக் கடையிலேயே திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு போகிறேன். வெளியே வந்தால் பெஞ்சைக் காணோம். அங்கன்வாடிக்கு வேண்டும் என்று தூக்கிப்போய்விட்டார்களாம். ஏழு கவுன்சிலர்கள் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறார்கள், உட்கார இடமில்லாமல்.

எனக்கு அவள் மேல் கோபம் கிடையாது. ஜன்னலைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இந்தப் பஸ்ஸில் இல்லை, வேறு வண்டியில் போயிருப்பேன். சொல்லவில்லையே. பயம்தான் காரணம், என் மேல் அத்தனை பயம் அவளுக்கு. நான் இல்லாமல் எப்படித்தான் சமாளிக்கப் போகிறாளோ.

ஒரு நிமிஷம் இருங்கள், வீட்டிலிருந்து போன். ம், சொல்லு வசந்தா. பெருந்துறை தாண்டியாச்சு. ஆமா, ரெண்டு மூட்டையும் பத்திரமா இருக்குது. கரடியா? மடியிலதான். என்னது? திருப்பிக் குடுக்க வேண்டாமா? யாருக்கு? கஸ்தூரி மகளுக்கா? அதை முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல, இப்ப இது கோயமுத்தூர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணுமா? இல்ல இல்ல, கோவமில்ல. கூட ஒருத்தர் இருக்காரு, நம்ம வார்டுதான், தண்ணித்தொட்டி வீதி. அங்க தெருவிளக்கா? கேக்கறேன்.

உங்கள் வீதியில் மூன்றாவது கம்பத்து விளக்கு எரிகிறதா என்று கேட்கிறாள். எரியவில்லையா? எரியலையாமா வசந்தா. எழுதித் தரச் சொல்லணுமா?

சரிங்க.

யாரிடம் "சரிங்க" என்றேனா? கண்டக்டரிடம். நீங்கள் கவனிக்கவில்லை, அவர் அந்தப் பக்கம் போனார்.

இந்தாருங்கள் என் கார்டு. ஐந்நூறு அடித்தது, வீணாக்க முடியுமா? முன்னால் இருக்கிற நம்பருக்குப் போடாதீர்கள், பேனாவால் அடித்திருக்கிறேன் பாருங்கள். பின்னால் திருப்புங்கள், அங்கே எழுதியிருப்பது அவள் நம்பர். நாலு மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுப்பாள். விளக்கு ஒரு வாரத்தில் எரியும். நாச்சிமுத்து சொன்னார் என்று என் பேரைச் சொல்லுங்கள்.

இல்லை, வேண்டாம். என் பேரைச் சொல்லாதீர்கள். சீக்கிரம் எரியும்.